எம்.எஸ். சுப்புலட்சுமி தம் வருமானத்தில் பெரும்பகுதியைத் தானம் செய்தார் என்பது உண்மையா?

உண்மைதான். ஆனால் பணம் கைக்கு வந்த பின் எடுத்துக் கொடுப்பது மட்டும் அவருடைய வழியாக இருக்கவில்லை. பெரும்பாலும் அது அவர் கைக்கு வராமலேயே உரிய இடத்துக்குப் போய்விடும்.

நிதி திரட்டும் கச்சேரியில், டிக்கெட் விற்றுக் கிடைக்கும் தொகையில் பெரும்பங்கு பாடகரின் சன்மானத்துக்கே போய்விடுவது வழக்கம். அதை அவர் விட்டுக்கொடுத்ததால், அரங்கு நிறைந்த ஒரே மாலையில் ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ கணிசமான நிதி சேர்ந்தது. 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தார். வாழ்நாளில் இத்தகைய கச்சேரிகள் 200-க்கும் மேல் என்பார்கள். 1974-இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுச்சேவைப் பிரிவில் வழங்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்தி இசையோடு, நாற்பதாண்டுகளாகப் பொதுக்காரியங்களுக்கு அவர் அளித்த ஆதரவையும் அந்த விருது பாராட்டியது.

என்னை மிகவும் நெகிழவைப்பது வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டுதான். விடியலில் எத்தனையோ வீடுகளில் "கௌசல்யா சுப்ரஜா ராம" என்று அந்தக் குரல் எழுகிறது. அதற்கான உரிமத்தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கணக்கு வழக்குகளைக் கணவர் சதாசிவம்தான் பார்த்துக்கொண்டார், ஆகவே இந்த முடிவுகளில் அவருக்கும் சரிபாதிப் பங்குண்டு என்றே கருதுகிறேன். எம்.எஸ். மேடையில் இவற்றைப் பற்றிப் பேசியதில்லை. பாடிவிட்டுக் கைகூப்பி எழுந்துவிடுவார்.