கூத்துக் குடும்பத்தில் பிறக்காதவர் 38 வயதில் கூத்துப் பயிற்சிப் பட்டறைக்குப் போகலாமா?

சிரிப்பார்கள்தான். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள், அதுவும் பத்து வயதுப் பிள்ளைகள். அதற்காக நிற்க வேண்டாம், போங்கோ.

கிளிநொச்சிக்கு வேலை மாற்றலாகி வந்து ஒரு வருடம் என்றும், இந்த முறையும் கூத்துப் பட்டறைகளும் ஒன்றுகூடல்களும் தொடங்கப்போகின்றன என்றும், பெயர் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வங்கியிலோ பாடசாலையிலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சனி, ஞாயிறு சும்மாதான் இருக்கிறேன் என்று வேறு யாரால் எழுத முடியும்? நான் சைக்கிள் கடைக்காரன். எனக்குச் சனிக்கிழமைதான் ஒட்டுவேலை கூட.

உங்கள் கேள்வியில் என்னைக் குத்தியது வயதல்ல, "கூத்துக் குடும்பம்" என்ற சொல். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

2017 இல் எனக்கு 44 வயது. மூன்று கிழமை, சனி ஞாயிறு, ஒரு பாடசாலை மண்டபத்தில் கூத்துப் பட்டறை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிற ஆசான்) வருகிறார், கோவலன் கூத்து பழக்குவார் என்று இருந்தது. எந்த அலுவலகம் நடத்தியது என்று சொல்லமாட்டேன், அங்கே இருந்தவர்கள் இப்போதும் என் கடையில்தான் காற்று அடிக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்: "கூத்துப் பரம்பரையாயின் அண்ணாவியாரின் பெயர்." நான் அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் "காமன் கூத்து" என்றும் எழுதினேன்.

மேசையில் இருந்தவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணை, அது மலையகத்துக் கூத்தெல்லோ. இது வன்னிக் கூத்துக்கான பட்டறை. அதை வேறொரு நாளைக்கு வடிவாச் செய்வம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "ஆர்வலர்" என்று எழுதினார்.

எங்கள் கதை இதுதான். 1977 கலவரத்தோடு மலையகத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நாங்கள். அப்போது எனக்கு நான்கு வயது. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் போனால் இப்படிப்பட்ட குடும்பங்கள்தான். காடு வெட்டினோம், கிணறு வெட்டினோம், மற்றவர்களுடைய வயலில் கூலிக்கு நின்றோம். வன்னியில் விழுந்த குண்டெல்லாம் எங்கள் தலையிலும்தான் விழுந்தது. நாற்பது வருடம் கழித்தும் அப்பாவின் கூத்து மட்டும் மலையகத்தில் நிற்கிறதாம்.

இதை வாசித்துவிட்டு "பிரதேசவாதம் பேசுகிறான்" என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள், தெரியும். கோவலன் கூத்தின் மீது எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு நடந்தே போயிருக்கிறேன். வைகாசியில் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கெரிவதைச் சனத்துக்குள் நெரிபட்டு நின்று பார்த்தவன் நான். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கின இடம், பத்தாம்பளை, அதுதான் வற்றாப்பளை என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அந்த மண்ணில் கோவலன் கூத்து ஆடாமல் வேறு எதை ஆடுவது? என் கேள்வி அந்தக் கோடு பற்றியது மட்டும்.

காமன் கூத்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசியில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையோடு காமன் ஊன்றுவார்கள். ஆடுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். மன்மதனும் ரதியும் வீடு வீடாக வருவார்கள், இரண்டும் ஆண்பிள்ளைகள்தான். சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மறிப்பாள். அவன் கேட்காமல் போவான். கடைசி இரவில் வீரபத்திரன் வரும்போது சின்னப் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகு மன்மதன் எரிவான், ரதி அழுவாள். எல்லாவற்றுக்கும் தப்புப் பறைதான் உயிர். தோல் தொய்ந்தால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவார்கள். அந்தப் புகை மணம் வந்தால் எனக்கு இப்போதும் அப்பாதான் நினைவுக்கு வருவார். "கையப் பாக்காதடா, காதக் குடு" என்பார். அதற்கு மேல் அவர் எனக்கு விளக்கமாக எதுவும் சொல்லித்தந்ததில்லை.

அவருடைய தப்பு 2008 இல், போரில் இடம்பெயர்ந்தபோது, எங்களோடு தருமபுரம் வரை வந்தது. அந்தக் கார்த்திகையில் நிஷா புயல் மழை. தறப்பாளுக்குள் வெள்ளம். தோல் ஊறிப் பிய்ந்துவிட்டது. மரவளையத்தை மட்டும் அப்பா வைத்திருந்தார். அம்மா அதைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் போட்டாள், பானை ஆடாமல் நிற்கட்டும் என்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுக் கொப்பி எங்கே போனது என்று தெரியாது. செட்டிகுளம் முகாமுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வளையமும் இல்லை, பானையும் இல்லை.

சரி, பட்டறைக்கு வருகிறேன். "ஆர்வலர்" என்றே போனேன்.

முதல் நாள் 11 மணி வரை மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, இன்னும் நாலு உரை. எல்லோருக்கும் மாலை. அண்ணாவியார் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் இருந்தார். பிறகு இருபது நிமிடம் பழக்கினார். சாப்பாடு. பின்னேரம் படம் எடுத்தார்கள்.

அந்த இருபது நிமிடத்தில் என் கால் என்னோடு இல்லை. அவர் "தகதிகதாம் ததிங்கிணதோம்" என்று வாயால் சொல்லச் சொல்லப் பாடசாலைப் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள். என் கால் தப்புக்குப் போகிற மாதிரிக் குதிக்கிறது. சீமெந்துத் தரை வேறு, குதிக்கால் விண்விண் என்று வலி. ஒரு பெட்டைப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்றவள், "அங்கிள் டான்ஸ் போடுறார்" என்றாள். நானும் சிரித்துவிட்டுப் போய்ச் சுவர் ஓரமாகக் குந்தினேன்.

தேத்தண்ணி நேரத்தில் அண்ணாவியார் என்னிடம் வந்தார். எழுபது தாண்டியிருக்கும். "நீர் எங்கை பழகினனீர்?" என்று கேட்டார். "நான் ஒண்டும் பழகேல்லை ஐயா" என்றேன். "பொய் சொல்லாதையும். உம்மடை கால் பிழைக்குது, ஆனா தாளத்தை விட்டுப் போகேல்லை. அது வேறை எதையோ கேக்குது." அப்போதுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அடித்துக் காட்டச் சொன்னார். தப்பு இல்லை. கவிழ்த்துக் கிடந்த கதிரையில் இரண்டு ஈர்க்குக் கட்டையால் அடித்தேன், வீரபத்திரன் வரவுக்கு அப்பா அடிக்கிறது. "இன்னொருக்கா" என்றார். அடித்தேன். "மெல்ல அடியும்." மெல்ல அடித்தேன். பிறகு மத்தளத்தை இழுத்து, பக்கத்தில் சேர்ந்து தட்டிப் பார்த்தார். இரண்டு இடத்தில் ஒட்டவில்லை. மூன்றாவது தரம் அவரே ஒரு தட்டைக் குறைத்து ஒட்டவைத்தார். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. யாரும் படம் எடுக்கவில்லை.

அந்தக் கால்மணித்தியாலத்தில்தான் எனக்குக் கோவலன் கூத்து காதில் ஏறியது. அதற்குப் பிறகு காலும் ஓரளவு கேட்டது. ஓரளவுதான்.

ஆறாம் நாள் ஒன்றுகூடல். பதினைந்து நிமிடத்துக்குள் கூத்தைச் சுருக்கச் சொல்லிவிட்டார்கள். இரவு முழுதும் களரியில் நின்ற கூத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் எப்படி அடக்குகிறது? ஏற்பாட்டாளர் ஒருவர், கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த பேராசிரியர் வித்தியானந்தனே சுருக்கினவர்தானே என்றார். அவர் சுருக்கினது உண்மை. 1962 இல் பேராதனையில் கர்ணன் போர் கூத்தைப் போட்டபோது அப்படித்தான். ஆனால் அவர் கிராமத்து அண்ணாவிமாரைக் கூட்டிப்போய், மாணவர்களை மாதக்கணக்கில் பழக்கிவிட்டல்லவா சுருக்கினார். இங்கே முதலில் சுருக்கிவிட்டு, நேரம் இருந்தால் பழக்குகிறார்கள். எனக்குக் கொடுத்தது காவற்காரன் வேடம். பாட்டு இல்லை, ஈட்டி மட்டும். கோவலனைப் பாண்டியன் ஆட்கள் கொண்டுபோகும்போது பின்னால் நாலு எட்டு. அந்த நாலு எட்டும் சரியாகப் போட்டேன் என்று மனைவி சொன்னாள். அவள் பொய் சொல்லக்கூடியவள்தான்.

சேர்ட்டிபிக்கட்டில் என் பெயர் பிழை. நிரந்தர முகவரி என்ற இடத்தில் கிராமத்தின் பெயரோடு "(தற்காலிகம்)" என்று அடித்திருந்தார்கள். காணிக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர்கள் என்று எங்கேயோ ஒரு பட்டியலைப் பார்த்துப் போட்டிருக்கவேண்டும். கூத்துக்கும் காணிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அதே கேள்விதான். காட்டை வெட்டின அப்பா செத்தும் போனார், அந்த அரை ஏக்கருக்கு இன்னும் உறுதி வரவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணுவார். கையைப் பிடித்தவர்களில் இரண்டு பேர் எனக்கு இன்னும் ரியூப் காசு தரவேண்டும். சரி, அதை விடுவோம்.

உங்களுக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். பெயர் கொடுக்க முன்னம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணாவியார் எத்தனை மணித்தியாலம் நிற்பார்?" சேர்ட்டிபிக்கட் உண்டா, சாப்பாடு உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டாம், அவை கட்டாயம் உண்டு. அவர் முழுநாளும் நிற்பார் என்றால் மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் போங்கள். மண்டபத்தில் பின்வரிசையில் நிற்காமல் மத்தளத்துக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். தாளக்கட்டை முதலில் வாயால் சொல்லிப் பழகுங்கள், பிறகு கால். போனில் வீடியோ எடுத்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நான் எடுத்ததை இன்றுவரை பார்க்கவில்லை. முடிந்தால் மண் தரையில் பழகுங்கள், 38 வயது முழங்காலுக்குச் சீமெந்து எதிரி.

ஆட்டம் வரவே வராது, குரல் மட்டும் இருக்கிறது என்றால் காத்தவராயன் கூத்துப் பழக்குகிற இடத்தைத் தேடுங்கள். அது சிந்துநடை. முன்னும் பின்னும் நடந்து பாடுகிறதுதான் கூட, பாய்ந்து சுழலத் தேவையில்லை. ஒரே இரவில் காத்தான் வேடத்துக்கே ஆள் மாறி ஆள் வருவார்கள், அதனால் புதியவருக்கும் ஒரு துண்டு கிடைக்கும். ஹார்மோனியக்காரரைச் சிநேகிதம் பிடித்து வையுங்கள், சுருதி விட்டால் அவர்தான் இழுத்துக் காப்பாற்றுவார். நீங்கள் பெண்ணா ஆணா என்று எழுதவில்லை. பெண் என்றாலும் யோசிக்க வேண்டாம். கண்ணகிக்கு மீசையை வழித்துக்கொண்டு வந்த காலம் போய்விட்டது, எங்கள் பட்டறையில் பாதிக்கு மேல் பெட்டைப்பிள்ளைகள்தான்.

இன்னொன்று. மாசி பிறந்தால் எங்கள் பக்கமும் வாருங்கள். முந்தின மாதிரிப் பெரிதாக இல்லை, வேடங்களும் குறைவு, தப்பு இரண்டே இரண்டு. ஒன்றை நான்தான் அடிக்கிறேன். படிவம் ஒன்றும் நிரப்பத் தேவையில்லை. முடிகிற நேரத்துக்குத் திரும்பிப் போகப் பஸ் இராது, சைக்கிளில் வாருங்கள். வழியில் காற்றுப் போனால் கடையைத் திறந்து ஒட்டித் தருகிறேன், அன்றைக்குக் காசு வாங்கமாட்டேன்.