சேலத்தில் தொழிலுக்காகப் புது பிக்அப் வண்டி வாங்கப் போகிறேன். விலை குறைந்ததை வாங்கலாமா, கூடக் கொடுத்தாலும் நம்பகமானதை வாங்கலாமா?

விலை குறைந்ததை வாங்கி, மூன்றே முக்கால் வருடம் அதோடு அல்லாடிவிட்டு, 2025 ஐப்பசியில் தள்ளிவிட்டவன் நான். ஆகவே இந்தப் பதிலில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

என்ன தொழில் என்று நீங்கள் எழுதவில்லை. ரொக்கம் கையில் இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார் என்பதால், முன்பணத்துக்கு வீட்டு நகையை வைத்து, மீதியைக் கடனில் வாங்கப் போகிறீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். இருப்பது இந்த ஒரே வண்டிதான், அது நின்றால் தொழிலும் நிற்கும் என்றும் எண்ணிக்கொள்கிறேன். ஐந்தாறு வண்டி வைத்திருப்பவருக்கு நான் சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது.

எனக்கு அம்மாப்பேட்டையில் சாமியானா, பாத்திர வாடகைக் கடை. முதலில் ஒரு டாடா ஏஸ் வைத்திருந்தேன். 2005-இல் அது சந்தைக்கு வந்தபோது ஊரே அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத் திறன், முக்கால் டன் பாரம். எனக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் ஏற்காட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கியபிறகு பெரிய வண்டி இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. 2022 தை மாதம் இரண்டு வண்டிகளைப் பார்த்தேன். ஒன்று, சேலம் சாலையில் பத்து பிக்அப் போனால் நான்கைந்து அதுவாகத்தான் இருக்கும். மற்றது அதைவிட 1,30,000 ரூபாய் குறைவு, பார்க்கவும் அழகு, உள்ளே தொடுதிரை எல்லாம் உண்டு. எதை வாங்கினேன் என்று சொல்லவேண்டியதில்லை. பெயரைக் கேட்டுப் பின்னூட்டத்துக்கு வராதீர்கள், சொல்லமாட்டேன். அதே வண்டியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கக்கூடும். எனக்கு வாய்க்கவில்லை.

அந்த ஆவணியில் ஏற்காட்டு மலைமேல் நாகலூரில் ஒரு கல்யாணம். மறுநாள் காலை முகூர்த்தம். ஆறு அண்டா, இரண்டு இட்லிக் கொப்பரை, தவலைகள், மூன்று கேஸ் அடுப்பு, பந்தி மேசைகள், ஒரு சாக்கு நிறையக் கரண்டிகள். "அதிகப் பாரம் ஏற்றியிருப்பாய்" என்று எழுதக் காத்திருக்கும் அன்பருக்கு: எடை மேடையில் ஏற்றித்தான் கிளம்பினேன், சரக்கு 980 கிலோ. கம்பெனி அனுமதித்த அளவில் முக்கால் பங்குகூட இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அடிவாரம் தாண்டினேன். கூடக் கடைப் பையன் ஒருவன்.

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. எட்டாவதில் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் வண்டி முனகியதே தவிர எடுக்கவில்லை. முதல் கியரிலேயே நொண்டி நொண்டி, பன்னிரண்டாவது வளைவின் நடுவில், அதுவும் உள்பக்கத் திருப்பத்தில், நின்றுவிட்டது. பையன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். எனக்குப் பின்னால் அரசு பஸ், அதற்குப் பின்னால் சனிக்கிழமை சுற்றுலா வந்த கார்கள். பஸ் ஓட்டுநர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் திட்டிக்கொண்டே இறங்கி வந்து ஓரம் கட்டத் தள்ளியதும் அவர்தான்.

அதற்குள் கட்டைச்சுவர் மேல் குரங்குகள் வந்து உட்கார்ந்துவிட்டன. இரண்டு மூன்று வண்டிக்குள் இறங்கி, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று அண்டா மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தன. எல்லாம் காலி. ஒரு பெரிய கடுவன் கோபத்தில் கரண்டிச் சாக்கைக் கிழித்து, ரசக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அது கீழே இறக்கிவிட்ட கொப்பரை மூடி சாலையில் உருண்டுபோய்ப் பதினோராவது வளைவு வரைக்கும் சத்தம் கேட்டது.

எங்களைக் காப்பாற்றியது உர மூட்டை ஏற்றிக்கொண்டு ஏறிவந்த ஒரு பழைய பிக்அப். பெயின்ட் வெளுத்து, பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். 2013-இல் பதிவான வண்டி. என் எட்டு மாத வண்டியிலிருந்து அண்டாக்களை இறக்கி, அந்த ஒன்பது வயது வண்டியின் மூட்டைகள்மேல் அடுக்கிக் கட்டினோம். அது முக்கிக்கூடப் பார்க்காமல் மீதி எட்டு வளைவையும் ஏறியது. ஓட்டியவர் டீசலுக்கு என்று 500 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். நாகலூர் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. சமையல்காரர் போட்டுவைக்கப் பாத்திரம் இல்லாமல் சாம்பார்க் காயை எல்லாம் வாளிகளில் நறுக்கிப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அடுத்த வருடம் அவருடைய இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, பாத்திரம் வேறு கடையில் எடுத்தார்கள்.

குரங்கு ஒரே ஒரு கரண்டியைத்தான் எடுத்தது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஏனென்றால் மனிதர்கள் அப்படியில்லை. இருபது கரண்டி எண்ணிக் கொடுத்தால் பதினேழுதான் திரும்பி வருகிறது. அந்தப் பதினேழிலும் இரண்டு யாரோ ஒருவர் வீட்டு நசுங்கிய கரண்டிகளாக இருக்கும். கடைப் பெயரை வெட்டித்தான் வைத்திருக்கிறேன். கேட்டால், "சீர்ப் பாத்திரத்தோடு கலந்திருக்கும், பெண் வீட்டுக்குப் போனதும் பார்த்துச் சொல்கிறோம்" என்பார்கள். பதினைந்து வருடத்தில் அப்படிப் பார்த்துச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. பத்துப் பவுன் போட்டுப் பெண்ணை அனுப்புகிறவர்கள், ஐம்பது ரூபாய்க் கரண்டிக்குப் பணம் கேட்டால் நான் கல்யாண வீட்டில் அபசகுனம் பேசுவதாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதற்கென்று தனியாக யாராவது கேள்வி கேட்டால் தனியாகவே எழுதுகிறேன்.

வண்டிக்கு வருகிறேன். நின்றதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகள் மட்டும்தான் விற்பனை. இந்த வகை டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும், டிபிஎஃப் என்பார்கள். புகை நன்றாகச் சூடேறினால்தான் அதில் தேங்கிய கரி தானாக எரிந்துபோகும். அதற்கு வண்டி நிறுத்தாமல் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவேண்டும். நானோ அந்த மாதம் முழுக்க அம்மாப்பேட்டைக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் மண்டபங்களுக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திக்கொண்டிருந்தேன். கரி அடைத்துக்கொண்டது. போதாததற்கு அதன் அழுத்தத்தை அளக்கும் சென்சாரும் போய்விட்டது. மலையில் பாரம் இழுக்கும்போது கம்ப்யூட்டர் பயந்து எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிட்டது. இந்த அடைப்பு எந்தக் கம்பெனி டீசல் வண்டிக்கும் வரும். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் என் ஆத்திரம். சேலத்தில் அந்த வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு சர்வீஸ் நிலையம். சென்சார் கையிருப்பில் இல்லை, வெளியூரிலிருந்து வரவேண்டும். ஒன்பது நாள். ஆவணி முகூர்த்தங்களில் ஒன்பது நாள்! எங்கள் தெரு முனைப் பட்டறைக்குப் போய் அழாத குறையாகக் கேட்டேன். முப்பது வருடமாக லாரி எஞ்சின் இறக்குகிற அண்ணன் அவர். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "தம்பி, இதற்கு மருந்து கம்ப்யூட்டரில் இருக்கிறது. என்னிடம் ஸ்பானர்தான் இருக்கிறது" என்றார். இந்தப் பக்கம் சங்ககிரி, அந்தப் பக்கம் நாமக்கல், லாரியை மட்டுமே நம்பிப் பிழைக்கும் பூமி. கூண்டு கட்டுவதிலிருந்து கண்ணாடிக்கு ரப்பர் போடுவது வரை ஆள் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் வண்டிக்கு மட்டும் வைத்தியர் இல்லை.

என் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்த கணக்கு இருக்கிறது. மூன்றே முக்கால் வருடத்தில் வண்டி நின்ற நாட்கள் 47. அதில் ஆர்டர் இருந்து வேறு வண்டி பிடித்த நாட்கள் 31, கொடுத்த வாடகை 77,500 ரூபாய். விற்கும்போது, அதே தை மாதம் அந்த விலை கூடிய வண்டியை வாங்கிய பக்கத்து இரும்புக் கடைக்காரருக்கு என்னைவிட 1,10,000 கூடக் கிடைத்தது. 1,30,000 மிச்சம் பிடித்தவன் 1,87,500 இழந்திருக்கிறேன். நாகலூர் இரண்டாவது கல்யாணம் இந்தக் கணக்கில் இல்லை.

கடனிலும் அடி வாங்கினேன், அதற்கு வண்டியைக் குற்றம் சொல்லமுடியாது. ஷோரூமிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் "எட்டு சதவீதம்தான் சார்" என்றார். வங்கியில் பத்தரை. "மாமா, அவர் சொல்வது ஃப்ளாட் வட்டி, ஏமாந்துவிடாதீர்கள்" என்று மச்சினன் தலைபாடாக அடித்துக்கொண்டான். எட்டு பெரியதா பத்தரை பெரியதா என்று அவனையே மடக்கினேன். எட்டு லட்சத்துக்கு ஐந்து வருடம், ஃப்ளாட் எட்டு சதவீதம் என்றால் வட்டி 3,20,000, மாதத் தவணை 18,667. கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டியை முழு எட்டு லட்சத்துக்கும் போடுவார்கள். வங்கியின் பத்தரையில் தவணை 17,195தான். மாதம் 1,472 வீதம் அறுபது மாதத்துக்கு 88,320 வித்தியாசம். அந்த ஃப்ளாட் எட்டு உண்மையில் பதினான்குக்கு மேல். மச்சினன் இன்றுவரை இதைச் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் பண்டிகைக்கு வரும்போதெல்லாம் வண்டி எப்படி இருக்கிறது மாமா என்று விசாரிப்பான்.

இப்போது உங்களுக்கு. ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு லீ பஜாருக்குப் போய் நில்லுங்கள். பருப்பும் அரிசியும் மிளகாயும் ஏற்ற வரும் பிக்அப்களை எண்ணுங்கள். புது வண்டிகளை விட்டுவிடுங்கள், புதிதாக இருக்கும்போது எல்லாம் ஓடும். பெயின்ட் போய், எட்டு பத்து வருடம் ஆகியும் மூட்டை சுமக்கிறதே, அதை எண்ணுங்கள். பொலீரோ பிக்அப் எத்தனை, நம் பக்கத்து ஓசூரில் 2011 முதல் வந்துகொண்டிருக்கும் அசோக் லேலண்ட் தோஸ்த் எத்தனை, வேறு எது எத்தனை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஓட்டுநர்களிடம் மைலேஜ் கேட்காதீர்கள், எல்லாரும் இரண்டு மூன்று கூட்டித்தான் சொல்வார்கள். கடைசியாக எதற்காக நின்றது, எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று கேளுங்கள். பிறகு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், கிளட்ச் பிளேட்டும் அந்தப் பாழாய்ப்போன சென்சாரும் இன்றைக்கே கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு ஷோரூம்காரர்கள் ஐந்து ரோட்டைச் சுற்றிக் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். மலை ஏறும் தொழில் என்றால் அடிவாரத்துக்கு மேல் நான்கு வளைவாவது பாரத்தோடு ஏறிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் ஆறு வளைவுக்குள் லைனிங் தீய்ந்த வாடை வரும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் வரும்.

வரி விஷயத்தில் உங்களுக்கு நல்ல நேரம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. வரி சேர்க்காத விலை ஏழு லட்சம் என்றால் 70,000 குறையும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது, ஆடிட்டரைக் கேளுங்கள். வண்டியும் பாரமும் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்சி என்கிற தகுதிச் சான்று முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடாவருடம்.

மலைக்கே போகமாட்டேன், ஊருக்குள் மட்டும்தான் என்றால் நான் சொன்ன பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, டீசலே வேண்டாம் என்று பெட்ரோலிலோ சிஎன்ஜியிலோ சின்ன வண்டியாக வாங்குங்கள். அங்கே விலை குறைந்தது சரியாகவே இருக்கலாம். டீசல்தான் என்றால் என்னைப்போல மாதம் இருமுறை சங்ககிரி வரை ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் நான் டீ குடிக்க அங்கே போவதாக நினைக்கிறார்கள்.

என்ன தொழில், மாதம் எத்தனை தடவை மலை ஏறுவீர்கள் என்று எழுதுங்கள், விவரமாகச் சொல்கிறேன். ஞாயிறு முகூர்த்தம், மேலே வாழவந்தியில் ஆர்டர் இருக்கிறது. திங்கள் பாத்திரம் எண்ணி வாங்கிய பிறகுதான் பதில் வரும்.