சில்க் மார்க் லேபிள் இருந்தும் நூல் உருகுகிறதா?

பட்டுச் சேலை வாங்கினீர்கள், அதில் சில்க் மார்க் லேபிள் (அசல் பட்டு என்பதற்கான முத்திரை) இருந்தும் ஒரு நூலை எரித்துப் பார்த்தபோது உருகியது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். லேபிள் இருப்பது மட்டும் சான்றாகாது. அதிலுள்ள எண்ணும் பொருந்த வேண்டும். சில்க் மார்க் செயலியில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். யாருக்கு வழங்கிய லேபிள் என்று பார்த்து, கடையின் ரசீதோடு ஒப்பிடுங்கள்.

எரித்த நூலைச் சேலையில் எங்கிருந்து எடுத்தீர்கள்? ஜரிகையிலிருந்து என்றால் அந்தச் சோதனை செல்லாது. ஜரிகைக்குள் பாலியஸ்டர் நூல் இருக்கக்கூடும். உடல் பகுதியில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்று, ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) ஒன்று எடுத்துத் தனித்தனியாக எரியுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பாவில் பட்டும் ஊடையில் செயற்கை நூலும் கலந்து நெய்து ஏமாற்றுவது உண்டு, அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

உடல் நூலே உருகினால், போலி லேபிளோ வேறு சேலையிலிருந்து கழற்றி ஒட்டியதோ என்று சந்தேகிக்கலாம். சேலை, லேபிள், ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு சில்க் மார்க் அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் தொடங்கிய திட்டம் இது. லேபிள் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கே தரப்படுகிறது. எண்ணை வைத்து யாருடையது என்று அந்த அமைப்பால் தேட முடியும். லேபிளைத் தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இந்த முத்திரை பட்டு நூலுக்கு மட்டுமே உறுதி. ஜரிகையின் வெள்ளிக்கோ, கைத்தறி நெசவுக்கோ, காஞ்சிபுரத்தில் நெய்தது என்பதற்கோ அது பொறுப்பேற்காது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு (இன்ன ஊர்ப் பொருள் என்பதற்கான அடையாளம்) தனியாக இருக்கிறது.