பல் செட் நிற்கவில்லை. எலும்பு வைத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. கீழ்ப்பற்களை எல்லாம் எடுத்து 12 வருடம் ஆகிறது. பேசும்போதே கீழ் பல் செட் தூக்கிக்கொள்கிறது. ‘எலும்பு கரைந்துவிட்டது, எலும்பு வைத்து, ஆறு மாதம் கழித்து இம்பிளான்ட் போடலாம்’ என்கிறார் டாக்டர். சர்க்கரை வேறு இருக்கிறது. இந்த வயதில் இது தேவையா?

பதில்: அம்மாவின் கீழ் ஈறில் விரலை ஓட்டிப் பாருங்கள். வரப்பு மாதிரி மேடாக இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருக்கும். அந்த மேட்டின் வேலையே பல்லைப் பிடித்துக்கொள்வதுதான். பல் போனதும் அது கரையத் தொடங்கும். முதல் வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடலாம். உட்கார மேடு இல்லாததால், நாக்கு அசைந்தாலே செட் எழும்புகிறது.

எலும்பை வைத்து அதன்மேல் வெறும் செட்டை மட்டும் மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. செட்டின் அழுத்தத்தில் வைத்த எலும்பும் கரையும். பல்லின் வேர் போல எலும்புக்குள் பதிக்கும் திருகான இம்பிளான்ட் போட்டால்தான் அது தங்கும்.

ஆனால் கீழ்த்தாடையில் எனக்கு வேறொரு நம்பிக்கை உண்டு. தாடை நரம்பு கடைவாய்ப் பக்கம் எலும்புக்குள் ஓடி, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே வெளியே வந்துவிடுகிறது. அதற்கு முன்னால், மோவாய்ப் பகுதியில், பலருக்கும் போதிய எலும்பு மிஞ்சியிருக்கும். அங்கே இரண்டு இம்பிளான்ட் வைத்து, செட்டைப் பட்டன் போல மாட்டிக் கழற்றலாம். பல் இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, “முன்பக்கம் எலும்பு வைக்காமலே இரண்டு போட முடியுமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள்.

முடியாது என்றால் எலும்பு வைக்கத்தான் வேண்டும். அவருடைய தாடையிலிருந்தே எடுக்கலாம். பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளும் செயற்கைக் கால்சியம் துகளும் உண்டு. சைவம் என்றால் எதை வைக்கிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

வயது தடையே இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் செய்யலாம்; 8-ஐத் தாண்டினால் முதலில் சர்க்கரையைக் குறையுங்கள், இல்லையென்றால் புண் எளிதில் ஆறாது.

அப்புறம் ஒன்று. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் ஆசிட் ஊசியோ எப்போதாவது எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அரிதாகத் தாடை எலும்பே செத்துப்போகும் ஆபத்து அதில் உண்டு. பெயர் நினைவில்லை என்றால் பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள்.