படத்தில் இருப்பதுபோல் வயிற்றுக்குள் இல்லை

கேள்வி: எனக்கு வயது 28. எட்டு மாதம் முன்பு, ஏழாவது வாரத்தில், கரு டியூபிலேயே தங்கி வெடித்ததால் வலது பக்க டியூபை எடுத்துவிட்டார்கள். இப்போது குழந்தைக்காக, முட்டை வளர்வதைக் கவனிக்கும் ஃபாலிகுலர் ஸ்கேன் பார்க்கிறேன். போன மாதமும் இந்த மாதமும் முட்டை வலது பக்கம்தான் வளர்ந்தது. “டியூப் இல்லாத பக்கம், இந்த மாசம் வேஸ்ட்” என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொன்னார்கள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இரண்டு தடவைதான் வீட்டுக்கு வருவார். இந்த மாதம் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு டியூப் இல்லாததால் மாதவிலக்கு ரத்தம் முழுதாக வெளியேறாமல் உள்ளே தங்கும் என்கிறார் மாமியார். நான் தண்ணீர்க் குடம் தூக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாம். இனி எனக்குப் பாதி வாய்ப்புதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் கணவருக்கு போன் போட்டு வரச் சொல்லுங்கள், சகோதரி. இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் இந்த மாதம் போயிருக்கும். அடுத்த மாதம் முட்டை எந்தப் பக்கம் வளர்ந்தாலும் சரி, அவர் வரட்டும்.

உங்களுக்கு “வேஸ்ட்” என்று சொன்னவர் மீது எனக்கு வருத்தம்தான். ஆனால் பாதித் தப்பு நம் பள்ளிப் புத்தகப் படத்தினுடையது. நடுவில் கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் கையை விரித்த மாதிரி கருக்குழாய்கள், ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு சினைப்பை. வலது முட்டைக்கு வலது குழாய், இடது முட்டைக்கு இடது குழாய் என்று அதைப் பார்க்கும் யாருக்கும் தோன்றும். பாகங்கள் தெளிவாகத் தெரியட்டும் என்று பிரித்து விரித்து வரைந்த படம் அது. வயிற்றுக்குள் இடம் அவ்வளவு தாராளம் இல்லை. குழாய்கள் வளைந்து பின்பக்கமாகத் தொங்கும். சினைப்பைகள் இரண்டும் கர்ப்பப்பைக்குச் சற்றுப் பின்னால், ஒன்றுக்கொன்று அதிகத் தூரமில்லாமல் கிடக்கும்.

இன்னொரு விஷயம். குழாய்க்கும் சினைப்பைக்கும் நடுவே நேரடியாகப் பைப் போட்டு ஒட்டவைத்த மாதிரி இணைப்பு கிடையாது. சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் வெளி நுனி திறந்தே இருக்கும். புடவை முந்தானைக் குஞ்சம் மாதிரி இளஞ்சிவப்பு இழைகள் அங்கே தொங்கும். முட்டை வெளிவரும் சமயத்தில் இந்தக் குஞ்சத்தில் ரத்த ஓட்டம் கூடி, விறைத்து, சினைப்பை மேல் தடவித் தடவி நகரும். முட்டையோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அது தனியாக வருவதில்லை, பிசுபிசுப்பான செல் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வரும். குஞ்சத்தின் மேல் உள்ள நுண்ணிய மயிரிழைகள் அந்தப் பிசுபிசுப்பைப் பற்றி உள்ளே இழுத்துவிடும். வலது பக்கத்தில் குஞ்சம் இல்லாவிட்டால், பின்பக்கம் தேங்கியிருக்கும் திரவத்தில் வந்து விழும் முட்டையை இடது பக்கத்துக் குஞ்சம் எடுத்துக்கொள்ள முடியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. டியூப் கர்ப்பத்தால் ஒரு குழாயை இழந்து, பிறகு இயல்பாகக் கருத்தரித்த பெண்களை ஸ்கேனில் கவனித்திருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முட்டை வந்தது, குழாய் இல்லாத பக்கத்துச் சினைப்பையிலிருந்து.

அப்புறம் அந்தப் “பாதி வாய்ப்பு” கணக்கு. 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. டியூப் கர்ப்பம் வந்து, மறு குழாய் நன்றாக இருந்த 446 பெண்கள். சிலருக்குக் குழாயை எடுத்தார்கள், சிலருக்குக் கீறிக் கருவை மட்டும் அகற்றிக் குழாயை விட்டுவைத்தார்கள். மூன்று வருடத்துக்குள் இயல்பாகக் கருத்தரித்து அது நிலைத்தவர்கள், குழாயை விட்டுவைத்தவர்களில் 100-க்கு 61 பேர், எடுத்தவர்களில் 56 பேர். பாதியாகவா குறைந்தது?

முட்டை எந்தப் பக்கம் வளரும் என்பதற்கும் முறை கிடையாது. இந்த மாதம் வலது, அடுத்த மாதம் இடது என்று டோக்கன் போட்டு வருவதில்லை. ஒரே பக்கம் மூன்று மாதம் தொடர்ந்து வருவதும் உண்டு.

கணவர் வரும் நாள் பற்றி. வெளிவந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு உங்கள் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். அதனால் முட்டை வெடித்த பிறகு “வாங்க” என்று கூப்பிடுவதைவிட, அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் அவர் வீட்டில் இருப்பதுதான் பலன். ஸ்கேனில் முட்டைப்பை (சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு நீர்ப்பை) 16, 17 மில்லிமீட்டர் என்றதும் அவர் வண்டியைத் திருப்பலாம். விந்துப் பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால், வந்த கையோடு அதையும் முடித்துக்கொள்ளட்டும்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: மாதவிலக்கு ரத்தம் வருவது கர்ப்பப்பையின் உள்வரியிலிருந்து. கருக்குழாய் அதற்கு வடிகால் இல்லை. குடம் தூக்கியதற்கும் கரு டியூபில் தங்கியதற்கும் சம்பந்தமில்லை. பழைய தொற்றோ அறுவை சிகிச்சையோ குழாயின் உட்புறத்தைக் கெடுத்திருந்தால் கரு வழியில் சிக்கும். பலருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை.

இவ்வளவும் உங்கள் இடது குழாய் நன்றாக இருந்தால்தான். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பில் “லெஃப்ட் டியூப் நார்மல்” என்று இருந்தால் நிம்மதி. ஒட்டுதல், வீக்கம் என்று ஏதாவது எழுதியிருந்தாலோ, ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தாலோ, எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே (கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது) பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிலக்கு ரத்தப்போக்கு நின்றதும், முட்டை வெளிவருவதற்கு முன் எடுப்பது அது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றே ஆரம்பித்துவிடலாம்.

ஒரு முறை டியூப் கர்ப்பம் வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது திரும்பவும் வரலாம். எனவே நாள் தள்ளினால், “மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் போகலாம்” என்ற வீட்டு வழக்கம் உங்களுக்கு வேண்டாம். டெஸ்ட்டில் இரண்டு கோடு வந்தவுடனே மருத்துவரைப் பாருங்கள். ஆறாவது வாரம் ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்பே அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல், மயக்கம், அல்லது தோள்பட்டை நுனியில் வலி (வயிற்றுக்குள் கசியும் ரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்தினால் தோளில்தான் தெரியும், போன தடவை இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்) வந்தால், கணவர் லோடு இறக்கிவிட்டு வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.