பீர் ஆலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

அன்புள்ள தம்பி,

வாஷிங்டன் மாநிலத்து யக்கிமாவில் பழக்கிடங்கு வேலையில் சேர்ந்த கையோடு, கூட வேலை செய்பவர்கள் சனிக்கிழமை மாலை ஊரிலுள்ள சிறிய பீர் ஆலைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கீழக்கரைக்காரர். மதுவைத் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. போகாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களோ, போனது வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற இரண்டு கவலையும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. நான் இப்போது விடுமுறைக்கு, சாயல்குடிப் பக்கத்து நரிப்பையூர் வந்திருக்கிறேன். பதநீர்க் காலம். விடிவதற்குள் பனையேறிகள் மரத்தில் ஏறிவிடுகிறார்கள். பீர் ஆலையைப் பற்றி எழுத இது பொருத்தமில்லாத இடம்போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மார்க்க விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மது வைத்திருக்கும் மேசையில் உட்காருவதே கூடாது என்பது உங்கள் முடிவானால் போகாதீர்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெறுமனே மறுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். "சனிக்கிழமை என்னால் இயலாது, திங்கட்கிழமை மதியம் சேர்ந்து சாப்பிடுவோமா?" என்று நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்கள் மறுப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தானாக எதற்குமே கூப்பிடாத ஆளைத்தான் நாளடைவில் கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள்.

குடிக்காமல் உடன் இருப்பதில் உங்களுக்குத் தடையில்லை என்றால் போய்வாருங்கள் என்பேன். பீர் ஆலை என்றதும் நமக்கு டாஸ்மாக் கடையும் அதை ஒட்டிய பாரும்தான் நினைவுக்கு வரும். அங்கே அந்த இருட்டும் அவசரமும் இல்லை. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டிகள், மறு பக்கம் நீள மேசைகள். பாதி இடங்களில் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள், நாயையும் கூட. சேறு காயாத பூட்ஸோடு விவசாயி ஒருவர் ஒரே தம்ளரை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஆப்பிள் விலை பேசுவார். சாயல்குடி பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சு நம்மூருக்கு என்னவோ, அந்த ஊருக்கு அந்த ஆலை அதுதான்.

இப்படியொரு ஊரில் பீர் ஆலை ஏன் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை முழு மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும் தொழில் சில பெரிய நிறுவனங்களின் கைக்குள் சுருங்கிப்போனது; 1970களின் இறுதியில் நாடு முழுவதும் நூறு ஆலைகள்கூட இல்லை. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டம், வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சுவதைக் குற்றமல்ல என்று ஆக்கியது. வீட்டுக் கொட்டகையில் பழகியவர்களில் பலர் பிறகு தொழிலில் இறங்கினார்கள். மதுவிலக்குக் காலத்துக்குப் பின் தன் இடத்திலேயே காய்ச்சி, அங்கேயே உணவோடு பரிமாறும் முதல் விடுதியை 1982இல் ஸ்காட்லாந்தில் பிறந்த பெர்ட் கிராண்ட் திறந்தது வேறெங்கும் இல்லை, உங்கள் யக்கிமாவில்தான். இன்று நாட்டில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. இதை நரிப்பையூரில் உட்கார்ந்து எழுதும்போது கொஞ்சம் எரிச்சல் வருகிறது. இங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. மரமேறி கள் இறக்கினால் வழக்கு. அரசுக் கடையில் பாட்டில் வாங்கினால் ஒன்றுமில்லை. உங்களுக்கு இரண்டுமே வேண்டாதவை என்று தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேட்டால் ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள், கட்டாயம் கேளுங்கள். பார்லியை நனைத்து முளைகட்டி, முளை நீளும் முன் உலர்த்தி நிறுத்துகிறார்கள், அதுதான் மால்ட். அதை நொறுக்கிச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்திலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. இனிப்பான அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்ட் போடுகிறார்கள். சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச் சத்தும் கரியமில வாயுவும் உண்டாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வடித்த சக்கை மாட்டுப் பண்ணைக்குப் போகிறது.

பனைக்கு இத்தனை வேலை இல்லை. பாளையைச் சீவினால் சர்க்கரையாகவே சொட்டுகிறது, ஈஸ்ட் காற்றிலும் கலயத்திலும் இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். எனக்குத் தெரிந்த ஆலைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். முளைகட்டாமல், வேகவைக்காமல், ஈஸ்டும் போடாமல் காலையில் இறக்கியது மதியத்துக்குள் நுரைக்கிறது என்பதை அவர் நம்பவே இல்லை. சுண்ணாம்பு அந்தச் சாற்றின் காரத்தன்மையை ஏற்றி நுண்ணுயிர்களை மட்டுப்படுத்துகிறது என்று விளக்கியதும், தொட்டிகளைக் காட்டுவதை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உங்களிடம் சொல்ல விஷயம் இருக்கிறது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். ஒரு சொட்டும் குடிக்காமல் அந்த மேசையில் நீங்கள் பேசலாம்.

ஹாப்ஸ் தோட்டங்களை நீங்கள் வேலைக்குப் போகும் வழியிலேயே பார்த்திருப்பீர்கள். பதினெட்டு அடி உயரக் கம்பங்கள், மேலே கம்பிப் பின்னல், அதிலிருந்து தரைவரை தொங்கும் கயிறுகள். அமெரிக்க ஹாப்ஸில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அந்தப் பள்ளத்தாக்கில் விளைகிறது. ஆண்டுக்கு எட்டு அங்குலம் மழைகூடப் பெரிய விஷயமான வறண்ட பூமி அது. மலையில் உருகும் பனிநீர் வாய்க்காலில் வந்து காப்பாற்றுகிறது. நமக்கு அந்த மலை இல்லை. அந்தக் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அது தேங்காய் நார்க்கயிறு, இலங்கையிலிருந்து கப்பலில் போவது. பாக் நீரிணைக்கு அக்கரையில் முறுக்கிய கயிற்றைப் பற்றிக்கொண்டுதான் அந்தக் கொடிகள் ஏறுகின்றன. காய்ந்த ஹாப்ஸ் பூவை ஆலையில் கேட்டு வாங்கி உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். மஞ்சள் பொடி ஒட்டும், எலுமிச்சை, பைன் மர வாசனை வரும். பீரின் கசப்பும் அதைக் கெடாமல் காக்கும் குணமும் அதிலிருந்து வருபவை.

இனி நடைமுறை. பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடாத இடங்களும் உண்டு, இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், நீங்கள்தான் கவுண்டரில் போய்ச் சொல்ல வேண்டும். ரூட் பீர் என்பது பெயர்தான் அப்படி, அது இனிப்பான சோடா. ஹாப்ஸ் போட்ட சோடாத் தண்ணீரும் பல இடங்களில் கிடைக்கிறது. 'ஆல்கஹால் இல்லாத பீர்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அங்கே அப்படி எழுதலாம். சோடா ஒன்று வாங்கினாலும் ஒரு டாலர் டிப்ஸ் வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். மீன் வறுவல் என்று கண்ணில் பட்டதும் நம் கடற்கரை நாக்கு துள்ளும். அந்த மாவைப் பல இடங்களில் பீர் ஊற்றித்தான் கரைப்பார்கள். முறுக்கு வடிவ ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் பாலாடைக்கட்டிக் குழம்பிலும் பெரும்பாலும் பீர் இருக்கும். தொத்திறைச்சி எதில் செய்தது என்று கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. வெறும் உருளைக்கிழங்கு வறுவல்கூட அந்த மீனைப் பொரித்த அதே எண்ணெயில் பொரித்ததாக இருக்கலாம்.

ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால், "நான் குடிப்பதில்லை" என்பதோடு நிறுத்துங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால்தான் பேச்சு நீளும். இன்னொரு வழியும் இருக்கிறது. கார் ஓட்டிப் போகிறவர் நீங்கள் என்றால், வற்புறுத்துவது இருக்கட்டும், எல்லோரும் நன்றி சொல்வார்கள். ஆனால் குடித்தவர் ஓட்டும் காரில் ஏறாதீர்கள். மூடி திறந்த புட்டியைக் கார் இருக்கைப் பக்கம் வைக்கவும் விடாதீர்கள். வாஷிங்டனில் அது சட்டமீறல், டிக்கிக்குள்தான் வைக்க வேண்டும். குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015 முதல் இருக்கிறது. அந்த மாநிலத்தில் கஞ்சாவும் கடையில் விற்கிறது. மத்திய சட்டப்படி அது இன்னும் குற்றம் என்பதால் விசாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. இதை அங்கே யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு விசா கவலை கிடையாது.

வீட்டுக்குச் சொல்வதா என்று கேட்டால், நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் ஆலை, தொட்டி, நார்க்கயிறு எல்லாவற்றையும் சொல்லுங்கள். மூன்றாவது ஆள் படத்தைக் காட்டிச் சொல்வதைவிட அது நல்லது. ஆகஸ்ட் கடைசியில் ஹாப்ஸ் அறுவடை தொடங்கும், அதற்குள் நானும் அங்கே திரும்பிவிடுவேன். தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே யாரும் தம்ளர் நீட்டமாட்டார்கள்.