நாட்டுக்கோழியோடு கூஸ் வாத்தும் வளர்க்கலாமா? ஒரே கூட்டில் அடைக்கலாமா?

தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் பதினைந்து நாட்டுக்கோழி இருக்கிறது, பாம்புக்கும் நாய்க்கும் காவலாக இரண்டு மூன்று கூஸ் வாத்து சேர்த்து, கோழிக்கூட்டிலேயே அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பகலில் மட்டும்தான் இரண்டுக்கும் ஒரே தோட்டம். படுக்கும் இடம், தண்ணீர், தீனி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கோழிக்குக் காய்ந்த தரை வேண்டும். கூஸோ தின்னும்போதே தண்ணீர் குடிக்கும், அலகை அலசும், தண்ணீரை வாரி இறைக்கும், எச்சத்தையும் ஈரமாகவே போடும். சேர்த்து வளர்த்துக் கெட்டுப்போன இடங்களில் பெரும்பாலும் இந்த ஈரம்தான் காரணம். ஈரமான கூட்டில் அமோனியா நெடி ஏறி கோழிகளுக்குச் சளி பிடிக்கும், குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும்.

முதலில் பாம்பு விஷயம். கூஸ் இருந்தால் பாம்பே வராது என்று சொல்லி விற்பதை நம்பி வாங்காதீர்கள். புது ஆளோ நாயோ வந்தால் கத்தி ஊரைக் கூட்டும், அது உண்மை. ஆனால் பாம்பு வருவது எலிக்கும் முட்டைக்கும். சிந்திய தீவனத்தைக் கூட்டி அள்ளி, முட்டையைத் தினமும் எடுத்து, கூட்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடித்தால் அதுதான் காவல். தெருநாய்கள் கூட்டமாக இறங்கினால் கூஸால் தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே பொழுது சாய்ந்ததும் அதையும் அடைத்தே ஆக வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒருநாள் குஞ்சு வாங்காமல், இறகு முளைத்த ஆறு முதல் எட்டு வாரப் பருவத்தில் வாங்குவது நல்லது. ஒற்றையாக வாங்க வேண்டாம், துணையில்லாமல் ஏங்கிக் கத்திக்கொண்டே இருக்கும். ஒரு ஆணும் இரண்டு மூன்று பெட்டையும் சரியான கணக்கு. நெற்றிக் குமிழ் உள்ள சீன இனத்தில் வளர்ந்த ஆணுக்குக் குமிழ் பெரிதாகவும் குரல் கீச்சென்றும் இருக்கும், பெட்டையின் குரல் கனமாக இருக்கும். குஞ்சில் இப்படிப் பிரித்தறிய முடியாது. தூக்கும்போது கோழியைப் போல் காலைப் பிடிக்காதீர்கள், கால் மூட்டு பிசகிவிடும். கழுத்தடியை மெதுவாகப் பிடித்து, இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துத் தூக்குங்கள்.

வாங்கி வந்ததும் கோழிகளோடு விடாமல் மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் (கோழிக் கழிச்சல் என்பதும் இதுதான்) கிருமி கூஸிடம் இருந்தாலும் அது நன்றாகவே திரியும், கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாகும். கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்த பிறகு சேர்ப்பதுதான் பாதுகாப்பு. கால்நடைத் துறை வழக்கமாக பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவற விடாதீர்கள். தனி வைப்பு முடிந்ததும், நடுவில் வலை மட்டும் கட்டி ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்க விடுங்கள், பிறகு திறந்துவிடலாம்.

இரவுக் கொட்டகைக்கு ஒரு கூஸுக்குப் பத்து சதுர அடி என்று வைத்தால், மூன்றுக்கு ஆறடிக்கு ஐந்தடி போதும். கோழிக்கூட்டை ஒட்டியே கட்டலாம், இடையில் தடுப்பு இருக்க வேண்டும். கோழி மேலே கழியில் அடையும், கூஸ் தரையில் படுக்கும். தடுப்பு இல்லாவிட்டால் கோழி எச்சம் முழுவதும் அதன் முதுகில்தான். தரையைச் சற்றுச் சரிவாக மேடேற்றி, நெல் உமி மூன்று நான்கு அங்குலம் பரப்பி, நனைந்த இடத்தைத் தினமும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அள்ளியது தென்னைக்கு உரம். வாசலில் படி வேண்டாம். கனமான பறவை, குதித்து இறங்கினால் காலில் அடிபடும்.

குளம் கட்டாயமில்லை. தலையும் மூக்குத் துளையும் முழுவதும் மூழ்கும்படி எட்டு அங்குல ஆழமுள்ள டப் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் அடைத்து வீங்கும். அதைக் கோழிக்கூட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, நிழலில், ஜல்லி பரப்பிய இடத்தில் வையுங்கள். கரூர், ஈரோடு வெயிலில் சித்திரை மாதம் டப் தண்ணீர் கொதித்துவிடும், மதியம் ஒருமுறை மாற்றுங்கள். கோழிக்கு வேண்டிய தண்ணீரையும் தீவனத்தையும் மூன்றடி உயர மேடையில் வைத்தால் கோழி தாவி ஏறிக்கொள்ளும், கூஸுக்கு எளிதில் எட்டாது. தாய்க்கோழிக்கும் குஞ்சுக்கும் மேடை உதவாது. அவற்றுக்குத் தனி அடைப்பு போடுங்கள். பெரிய கூஸ் குஞ்சுகளை மிதித்தே கொன்றுவிடும்.

தீனியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கூஸ் புல் மேயும் பறவை. தென்னந்தோப்பில் அறுகு, இளங்கோரை எல்லாம் நன்றாக மேய்ந்துவிடும், பார்த்தீனியத்தைத் தொடாது. நன்றாக மேய்ந்தால் சாயங்காலம் தலைக்கு நூறு முதல் நூற்றைம்பது கிராம் கம்பு, சோளம் அல்லது மக்காச்சோள நொய் போதும். அந்த வேளைத் தீனிக்காகவே கொட்டகைக்குத் தானாக வந்துவிடும். கோடையில் புல் கருகினால் வேலிமசால் தழையும், இளம் கோ-4 தீவனப் புல்லை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கியும் போடுங்கள். நீளமான முற்றிய புல் தொண்டையில் சிக்கும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) இலையைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைடு நஞ்சு உண்டு. களைக்கொல்லி அடித்த வரப்பிலும் மேய விடாதீர்கள்.

பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் இன்னும் பெரிய ஆபத்து. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து இனக் குஞ்சுகள் தாங்காது. ஈரல் கெட்டுச் சாகும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், மக்கிய வாடை வந்தால் எதற்குமே போடாதீர்கள்.

குஞ்சாகவே கிடைத்தால், முதல் மூன்று வாரம் இருபது சதவீதப் புரதம் உள்ள, மருந்து கலக்காத தீவனம் கொடுங்கள். இவற்றுக்கு நியாசின் (பி3 வைட்டமின்) கோழிக்குஞ்சைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். குறைந்தால் கால் வளைந்து, மூட்டு வீங்கி, உட்கார்ந்துவிடும். பி காம்ப்ளெக்ஸ் திரவத்தைப் பாட்டிலில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்து கொடுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு புரதத்தைப் பதினைந்து சதவீதத்துக்கு இறக்கிப் புல்லைக் கூட்டுங்கள், கொழுத்த தீனியே தொடர்ந்தால் இறக்கை நுனி வெளிப்பக்கம் திருகிக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், வளரும் கூஸின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோழிக்குக் கிளிஞ்சல் வேண்டுமானால் மேடையில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். குஞ்சுப் பெட்டியில் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி அகன்றுவிடும், சாக்கு விரியுங்கள். கோழிக்குஞ்சோடு ஒரே பெட்டியில் விடாதீர்கள்.

சொட்டுநீர்க் குழாயைக் கடித்து இழுக்கும், கீரைப் பாத்தியை ஒரே நாளில் மொட்டையடிக்கும், அதற்கு மூன்றடி வேலி போதும். நைலான் கயிறு, கம்பித் துண்டு கீழே கிடந்தால் விழுங்கிவிடும், பொறுக்கிவிடுங்கள். முட்டையிடும் பருவத்தில் ஆண் சீறிக்கொண்டு வரும், சின்னப் பிள்ளைகளைத் தனியே பக்கத்தில் விடாதீர்கள்.

முட்டை வருவதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், அதுவும் பருவத்துக்குத்தான் இடும். அடைக்கோழியில் வைப்பதானால் மூன்று நான்கு முட்டைக்கு மேல் வேண்டாம். முட்டை பெரிது, கோழியால் சரியாகப் புரட்ட முடியாது, நீங்கள்தான் தினமும் இரண்டு மூன்று முறை திருப்பி வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள். பொரிக்க 28 முதல் 31 நாள் ஆகும். கோழிக்கு 21 நாள் கணக்கு என்பதால் சில கோழிகள் இடையிலேயே எழுந்துவிடும், தோதாக இன்னொரு அடைக்கோழியைத் தயாராக வைத்திருங்கள். கோழி பொரித்த கூஸ் குஞ்சுக்குத் தாயின் எண்ணெய்ப் பூச்சு கிடைக்காது, நான்கு வாரம் வரை நீந்த விட்டால் நனைந்து விறைத்துச் செத்துவிடும்.